மதம் இழந்த பாட்டா, மனம் இழந்த பாட்டா?

பெயரைக் கேட்டமாத்திரத்தில் பொருளையும் முடிவு செய்துவிடுவது நம்மவரிடை நெடுநாளாக வேரூன்றிய வழக்கம். தலைப்பு நமக்கு உவப்பாயிருப்பின் உள்ளே பாராமலே புகழ்கின்றோம்; உவப்பின்றேல் உள்ளே பாராமலே இகழ்கின்றோம். இவ்வழக்கத்தினால் தன் உண்மைப் பொருளை இழந்து நிற்கும் கலைப்படைப்பு ஒன்றையே இன்று ஆராயப் புகுகின்றோம். அஃது அமெரிக்க நாட்டு ஆர்.இ.எம். என்னும் ராக் இசைக் குழுவினர் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லூசிங் மை ரிலிஜன்’ என்னும் பாட்டுக்கென எடுக்கப்பெற்ற சிறு படமாகும்.

அத்தலைப்பைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கின் ‘என் மதத்தை இழக்கின்றேன்’ என்றாகும். இதற்குமேல் என்ன வேண்டும்? பகுத்தறிவு பேசுவோருள் ஒரு சாரார், “மேனாட்டான் மதத்தைக் கைகழுவிவிட்டான், கண்டீரோ!” என்று மகிழ்வர். பக்தருள் ஒரு சாரார், “தெய்வத்தையும் அடியாரையும் ஒரு பாட்டுக்காரன் பரிகசிப்பதா!” என்று சினப்பர். இவ்விரு சாராரும் பிழைபட்டனர் என்பதே எமது துணிபு.

இக்குழு 1980இல் ஜார்ஜியா மாநிலத்து ஏதன்ஸ் நகரில் தோன்றியது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பேச்சு வழக்கில் ‘மதத்தை இழத்தல்’ என்பது ஒரு மரபுத்தொடர். பொறுமை எல்லை கடந்து, நிலை தடுமாறி, செய்வது யாதென்று அறியாது கலங்கும் நிலையையே அது குறிக்கும். பாட்டின் பொருள் கைகூடாக் காதலே என்று அதனைப் பாடிய மைக்கேல் ஸ்டைப் கூறியிருக்கின்றார். மறுமொழி வாராத அன்பு ஒரு மனிதனை எங்ஙனம் ஆட்டிவைக்கின்றது என்பதே இதில் உள்ளது. பீட்டர் பக் என்பவர் மீட்டும் மாண்டலின் இசை, ஓய்வின்றித் திரும்பத் திரும்ப வந்து அக்கலக்கத்தையே ஒலிக்கின்றது.

நிற்க. பாட்டு காதலைப் பற்றியதாயின், படத்தில் தெய்வ வடிவங்களுக்கு என்ன வேலை? இவ்வினாவிற்கு விடை காணாமல் இப்படத்தை மதிப்பிடல் இயலாது.

படத்தை இயக்கியவர் தர்ஸெம் சிங். இவர் 1961இல் பஞ்சாபிலுள்ள ஜலந்தரில் பிறந்து, பின்னர் அமெரிக்கா சென்று தொழில் பயின்றவர். கனவு போன்றதும் உணர்ச்சி மிகுந்ததுமான ஒருவகை இந்தியப் படத்தின் போக்கில் இதனை அமைக்க அவர் விரும்பினார் என்று ஸ்டைப் தெரிவித்துள்ளார். பாட்டுக்கு வாயசைத்து நடிப்பதை அதுகாறும் பெரும்பாலும் தவிர்த்து வந்த ஸ்டைப், இப்படத்தில் அதற்கும் இசைந்தார்.

தொடக்கத்தில் ஓர் அறை. சன்னலுக்கு வெளியே மழை. பால் நிறைந்த குடுவை ஒன்று விழுந்து நொறுங்குகின்றது. ருஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் கடைசிப் படமான ‘பலி’யில் (1986), போர் விமானங்கள் வீட்டின் மேல் இரைந்து செல்ல, பாற்குடுவை விழுந்து உடையும் காட்சியை இது நினைவூட்டுவது. அங்கே உலகப் போரின் அச்சம். இங்கே ஒரு தனி மனிதனின் கலக்கம். சிந்திய பாலை அள்ளி மீண்டும் நிரப்ப எவராலும் ஆகாது. பாட்டு முழுவதற்கும் இந்த ஒரு காட்சியே முன்னுரை ஆகிவிடுகின்றது.

அதன்பின் அறையும், அறைக்குப் புறம்பான ஓவியக் காட்சிகளும் மாறிமாறி வருகின்றன. அறையில் ஸ்டைப் கைகால்களை வெட்டி வெட்டி ஆடுகின்றார். ஓவியக் காட்சிகளிலோ மாந்தர் சிலைபோல் அமைந்து நிற்கின்றனர். அம்பு தைத்த செபஸ்தியார் தோன்றுகின்றார். நம் நாட்டுத் தெய்வக் கோலங்கள் தோன்றுகின்றன. சிறகுள்ள முதியவர் ஒருவர் வானிலிருந்து விழ, மக்கள் சூழ்ந்து வேடிக்கை பார்க்கின்றனர். இது கார்சியா மார்க்கேஸ் எழுதிய சிறுகதை ஒன்றினின்றும் பிறந்த கற்பனை. சோவியத்துச் சுவரொட்டிகளின் பாணியில், தொழிலாளர் உலைக்களத்தில் இரும்பினாற் சிறகு சமைக்கின்றனர்.

இக்காட்சிகளின் ஒளியமைப்பு இரண்டு மரபுகளைச் சார்ந்தது. ஒன்று, இத்தாலிய ஓவியர் கராவஜ்ஜோவின் மரபு. சுற்றிலும் இருள் சூழ, ஒரு புறமிருந்து வரும் ஒளி முகத்தையும் கையையும் மட்டும் பிடித்துக் காட்டும். மற்றொன்று நமக்கு மிகவும் அணித்தானது. தோட்டத்து லயன் வீட்டுப் பலகைச் சுவரிலும், பட்டணத்துக் கடையின் கல்லாப்பெட்டிக்கு மேலும் தொங்கிய நாட்காட்டிப் படங்களை எண்ணிப் பாருங்கள். கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) முதலிய ஓவியர்கள் வரைய, சிவகாசி அச்சகங்கள் அச்சிட்டுப் பரப்பிய படங்கள் அவை. அவற்றில் நிழல் அருகும், வண்ணம் பெருகும், தெய்வம் நேர்நின்று நம்மையே நோக்கும். இந்நாட்டுக்காட்டிக் கலையும் தர்ஸெம் சிங் எடுத்தாண்ட மூலங்களுள் ஒன்று.

இனி, இவற்றின் உட்பொருள் யாது? கராவஜ்ஜோ ஏறத்தாழ 1601ஆம் ஆண்டில் தீட்டிய ‘தோமையாரின் ஐயம்’ என்னும் ஓவியமே திறவுகோல். உயிர்த்தெழுந்த இயேசுவின் விலாப்புண்ணில் தோமையார் விரலை வைத்துப் பார்க்கின்றார். அவர் கையைப் பற்றி வழிநடத்துபவரோ இயேசுவே. இந்த ஓவியத்தையும் இயக்குநர் தம் படத்தில் உயிர்பெறச் செய்துள்ளார். ஐயுறுபவன் எட்ட நின்று கல்லெறிபவன் அல்லன்; கிட்ட நெருங்கித் தொட்டறிய விழைபவன். விழைவு இல்லாதவனுக்கு ஐயமும் இல்லை. மறுமொழி வாராத காதலனும், மறுமொழி வாராத அடியவனும் ஒரே கோலத்தில் நிற்கின்றனர் என்பதை எத்துணை எளிதாக உணர்த்திவிட்டார்! நம் பக்தி இலக்கியம் கடவுளைக் காதலனாக்கிப் பாடிற்று. இப்படமோ காதலனைச் சந்நிதியில் நிற்பவனாக்கிக் காட்டுகின்றது. பேச்சு வழக்கில் தேய்ந்துபோன ‘மதம்’ என்னும் சொல்லுக்கு அதன் பழைய பொருளை மீட்டுத் தந்து, அதனால் காதலின் ஆழத்தை அளந்ததே இப்படத்தின் வெற்றி.

இரும்புச் சிறகும் இக்கருத்தையே தழுவியது. வானத்துச் சிறகு விழுந்தபின், மனிதன் தன் கையாலேயே சிறகு சமைக்க முயல்கின்றான். படம் வெளிவந்த அதே 1991ஆம் ஆண்டின் டிசம்பரில் சோவியத்து ஒன்றியம் கலைந்தது. இயக்குநர் முன்னறிந்து காட்டியதன்று. எனினும் இன்று பார்ப்போர்க்கு, அவ்வுலைக்களமும் ஒரு நம்பிக்கையின் நினைவாகவே தோன்றும்.

குறையும் கூறுதல் நடுநிலையாளர் கடன். இரவல் நகை மிகுதியாயின் மணமகள் முகம் தெரியாது. இப்படத்திலும் அத்தீங்கு ஓரளவு உண்டு. அம்பு தைத்த உடலும் அழகாயிருக்கின்றது; புண்ணும் அழகாயிருக்கின்றது; நோவு எங்கே என்று தேடவேண்டியிருக்கின்றது. நம் நாட்டுத் தெய்வக் கோலங்களோ வெறும் அணியாகவே நின்றுவிடுகின்றன. தோமையாருக்கு ஒரு செயல் உண்டு, சிறகு முதியவருக்கு ஒரு கதை உண்டு. இவற்றுக்கு நிறம் ஒன்றே உண்டு. மேனாட்டார்க்கு அது புதுமையாகலாம். அவ்வண்ணங்களிடையே வளர்ந்த நமக்கு அது போதாது.

ஆயினும், எம்.டி.வி. நிறுவனம் 1991இல் இதனை ஆண்டின் சிறந்த இசைப்படமெனத் தேர்ந்தது; மறு ஆண்டில் கிராமி விருதும் கிடைத்தது. 2011இல் குழு கலைந்துவிட்டது. படம் இன்றும் பார்க்கப்படுகின்றது.

அன்பர்காள்! இப்படம் மதத்தைத் தாக்கவுமில்லை, தாங்கவுமில்லை. நம் கட்சிக்குச் சான்று தேடி இதனை இழுத்துக்கொள்வது, பிறர் மூடப்பற்று என்று நாம் இகழும் அதனையே வேறு பெயரில் செய்வதாகும். ஐயம் அறிவின் வாயில் என்கின்றோம். அவ்வாறாயின் முதலில் நம் விருப்பத்தின்மீதே ஐயம் கொள்வோம். தோமையாரைப் போல நெருங்கித் தொட்டுப் பார்த்துப் பின்னர்த் தீர்ப்புரைப்போம்.