'செக்' என்னும் சொல்

வங்கியில் நாம் கொடுக்கும் 'செக்', அரபு மொழியின் 'ஸக்கு' என்னும் சொல்லிலிருந்து பிறந்ததென்று நம்மவர் மேடைகளிலும் மலர்களிலும் கூறி வருகின்றனர். நாமும் பல்லாண்டு மாணவர்க்கு அவ்வாறே சொல்லிக் கொடுத்தோம். அகராதிகளைப் புரட்டிய பின்னர் அதனைத் திருத்துவது கடமையெனக் கொண்டோம்.

ஸாத் எழுத்தில் தொடங்கும் 'ஸக்கு' கற்பனையன்று. கடன் முறிக்கும் பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டுக்கும் வழங்கிய சொல். (அதுவே பாரசீகத்திலிருந்து வந்ததென்பாரும் உளர்.) பத்தாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், ஆப்பிரிக்காவின் அவ்தகுஸ்த் நகர வணிகர் ஒருவர் பட்ட 42,000 தீனார் கடனுக்கான ஸக்கைக் கண்டதாக எழுதியுள்ளார். எனினும், ஓசையும் பொருளும் ஒத்திருப்பதனால் மட்டும் ஒரு சொல் மற்றொன்றின் பிள்ளையாகிவிடாது. அது நடந்துவந்த வழியையும் காட்டல் வேண்டும்.

ஆங்கிலத்தின் பேரகராதிகள் காட்டும் வழி வேறு. சதுரங்கம் இந்நாட்டிலிருந்து பாரசீகம் சென்று, அரபுகளிடம் 'ஷத்ரஞ்ச்' ஆகி, ஐரோப்பாவை அடைந்தது. அரசனைத் தாக்குங்கால் 'ஷாஹ்' என எச்சரிப்பது ஆட்ட வழக்கம். அப்பாரசீகச் சொல்லே அரபு, பிரெஞ்சு வாயிலாக 'செக்' ஆயிற்று. அரசனுக்கு நேர்ந்த இடர், பிறகு எதற்கும் நேரும் தடை, பிறகு கட்டுப்பாடு, பிறகு சரிபார்த்தல் எனப் பொருள் விரிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில், மோசடியைத் தடுக்க வைத்துக்கொள்ளும் அடிக்கட்டைக்கு அப்பெயர் வந்து, காசோலைக்கே நிலைத்தது.

பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசுக் கணக்கர், சதுரங்கப் பலகை போலக் கட்டமிட்ட துணியை மேசைமேல் விரித்துக் காய்களை வைத்து எண்ணினர்; அதனால் அக்கணக்கு மன்றமே 'எக்ஸ்செக்கர்' எனப்பட்டது. கட்டம் போட்ட கைலியை ஜவுளிக் கடைக்காரர் 'செக்' என்பதும் அப்பலகையின் உறவுதான்.

'செக்மேட்' என்பதிலும் ஒரு சிக்கல். அரபு கற்றோர் 'ஷாஹ் மாத்த' எனப் பிரித்து, 'அரசன் இறந்தான்' என்பர். ஆயின் ஆட்டத்தில் அரசன் வெட்டுண்பதில்லை, வழியற்று நிற்கிறான். திகைத்து நிற்றலைக் குறிக்கும் பாரசீக 'மாத்'தே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இவற்றைக் கூறக் கேட்ட நண்பர் ஒருவர், "உள்ள பெருமையையும் விட்டுக்கொடுக்கிறீர்களே, ஹஜ்ரத்!" என வருந்தினார். ஸக்கின் பெருமை இப்னு ஹவ்கலின் நூலிலேயே இருக்கிறது என்றோம். நம்மிடம் முன்னர்ப் பாடம் கேட்டவர்கள் தம் குறிப்பேட்டில் அவ்வரியை அடித்துவிடுமாறு வேண்டுகிறோம்.