எந்த அம்மா?

சேலத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரிட்டையர்டு வாத்தியார். சாம்பார் வருவதற்குள் அரசியல் வந்துவிட்டது. "பெரியாருக்குப் பொண்ணு குடுத்த ஊருங்க இது. தாதம்பட்டி இங்கதான் பக்கத்துல" என்றார் பெருமையாக.

"எந்த அம்மா?" என்று தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

"நல்ல அம்மாங்க, நாகம்மை!"

பாயசம் வந்தது. பேச்சு நின்றது. அந்த 'நல்ல' மட்டும் ராத்திரி பஸ்ஸில் என்னோடு ஊர் வரைக்கும் வந்தது. அப்படியானால் இன்னொரு அம்மா?

மணியம்மையை வாத்தியார் கெட்டவர் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எழுபது வருஷத்துக்கு மேலாக நாம் எல்லோரும் சேர்ந்து போட்டு வைத்திருக்கும் கணக்கு அது. 1949 ஜூலை 9-ல் கல்யாணம். பெரியாருக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. மணியம்மைக்கு 29. பத்திரிகைக்கும் மேடைக்கும் இந்த இரண்டு எண்கள் போதும். கழித்துப் பார்த்தார்கள், சிரித்தார்கள்.

அதே வருஷம் செப்டம்பர் 17-ல் தி.மு.க. பிறந்தது. 'பிளவுக்குக் காரணம் அந்தக் கல்யாணம்' என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். கல்யாணம் காரணமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால், 1947 ஆகஸ்ட் 15 துக்க நாள் என்றார் பெரியார். இல்லை, கொண்டாட வேண்டிய நாள் என்றார் அண்ணா. விரிசல் அப்போதே வெளியே தெரிந்துவிட்டது. 1944-ல் இதே சேலத்து மாநாட்டில் நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக மாற்றியபோது ஒன்றாக நின்றவர்கள், ஐந்தே வருஷத்தில் பிரிந்ததற்குப் பல காரணங்கள். பில் மட்டும் ஒரு பெண்ணின் பெயருக்கு வந்தது.

பெரியாரைக் கேட்க நியாயமான கேள்வி இருந்தது. பொருந்தாத் திருமணத்தைக் கண்டித்தவர் ஏன் இப்படிச் செய்தார்? இயக்கத்துக்கும் சொத்துக்கும் சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும் என்றார் அவர். அன்றைய இந்துச் சட்டத்தில் பெண்ணைத் தத்தெடுக்க வழியில்லை. 1956-ல்தான் அது மாறியது. அந்தப் பதிலை ஏற்கலாம், மறுக்கலாம். விவாதம் அவரோடு. ஆனால் கல் விழுந்ததெல்லாம் அந்த அம்மா மேல்.

சரி, 'நல்ல அம்மா'வை மட்டும் ஒழுங்காகப் பார்த்தோமா?

நாகம்மை 13 வயதில் ஈரோட்டுக்கு மருமகளாகப் போனவர். பிறந்த ஒரே குழந்தையும் மாதக் கணக்கில்தான் உயிரோடு இருந்தது. 1921-ல் நாத்தனார் கண்ணம்மாளோடு கள்ளுக்கடை முன்னால் மறியலுக்கு நின்றார். 1924-ல் வைக்கம் போராட்டத்துக்குப் போனார். இதையெல்லாம் மேடையில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். விரிவாகச் சொல்வது வேறு கதையை.

நாகம்மை கோயிலுக்குப் போவதை நிறுத்துவதற்காக, புதுசாக ஒரு தாசி வந்திருக்கிறாள் என்று கணவரே சிநேகிதர்களிடம் சொல்லி கேலி செய்யவைத்தாராம். அந்த அம்மா பயந்துபோய்க் கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டாராம். பகுத்தறிவுக் குறும்பு என்று சொல்வார்கள், கூட்டம் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். கோயில் வாசலில் நடுங்கிய அந்தச் சின்னப் பெண்ணின் முகத்தை யாராவது நினைத்தோமா?

நினைத்தவர் ஒருவர் உண்டு. அதுவும் அந்தக் கணவர்தான். 1933 மே 11-ல் நாகம்மை இறந்தார். 'குடி அரசு' இரங்கலில் பெரியார் மறைக்காமல் எழுதினார்: பெண் விடுதலை பற்றி ஊருக்குச் சொன்னதில் நூறில் ஒரு பங்கைக்கூட தன் மனைவி விஷயத்தில் கடைப்பிடித்ததாகச் சொல்லிக்கொள்ளத் தனக்கு யோக்கியதை இல்லை என்று. எந்தத் தலைவர் இப்படி எழுதியிருக்கிறார்? அவரே ஒப்புக்கொண்ட பிறகும் நாம் நாகம்மையைத் 'தியாகச் சுடர்' ஆக்கி, படத்துக்கு மாலை போட்டு மாட்டிவிட்டோம். புகழ்வதும் ஒருவரைப் பார்க்காமலிருக்க நல்ல வழிதான்.

2007-ல் ஞான ராஜசேகரன் இயக்கத்தில் 'பெரியார்' படம் வந்தது. மணியம்மையாக குஷ்பு நடிக்கிறார் என்றதும், படம் வரும் முன்பே கண்டனம் வந்துவிட்டது. அவர் எப்படி அந்த அம்மாவாக நடிக்கலாம் என்று கொதித்தார்கள். 2005-ல் கற்பு பற்றிச் சொன்ன ஒரு கருத்துக்காகத் தமிழ்நாடு முழுக்க அவர் மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். இதே சேலம் மாவட்டத்து மேட்டூர் கோர்ட்டுக்கு அவர் வந்தபோது, கூச்சல் போட ஒரு கூட்டம் காத்திருந்தது. அந்த வழக்குகளை 2010-ல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. ஊரே கூடி ஒரு பெண்ணைத் தூற்றினால் எப்படி இருக்கும் என்று மணியம்மை வேஷத்துக்கு அவரை விடத் தெரிந்தவர் யார்? நடிப்பு எப்படி என்று கேட்டிருக்கலாம். நாம் கேட்டது கேரக்டர் சர்டிஃபிகேட்.

இன்றைக்கு எல்லார் கையிலும் கேமரா. ஒரு தலைவரின் மனைவி கோயிலுக்குப் போனால் செய்தி, போகாவிட்டாலும் செய்தி. கட்டிய சேலைக்கு விலை சொல்கிறார்கள். அந்தத் தலைவர் போட்ட கையெழுத்துக்கு என்ன விலை என்று தேட நேரமில்லை. அது உழைப்பு கேட்கும் வேலை. சேலைக்கு போட்டோ போதும்.

1973 டிசம்பரில் பெரியார் இறந்த பிறகு, 1978 மார்ச்சில் தான் இறக்கும்வரை மணியம்மை கழகத்தை நடத்தினார். சொத்துக்காக வந்தவர் என்றார்களே, அந்தச் சொத்து அறக்கட்டளையிலேயே இருந்தது. அதை எழுத யாரும் முதல் பக்கத்தில் இடம் ஒதுக்கவில்லை.

வாத்தியாரிடம் சொல்ல நினைத்த ஒன்றைப் பாயசம் தடுத்துவிட்டது. திருச்சியில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு ஓர் இல்லம் இருக்கிறது. பெயர், நாகம்மையார் இல்லம். அந்தக் குழந்தைகளைத் தூக்கி வளர்த்தவர் மணியம்மை.

அங்கே வளர்ந்த பிள்ளைகளிடம் போய்க் கேளுங்கள், எந்த அம்மா நல்ல அம்மா என்று.