இவானின் கால்களைத் தாங்கியவன்

நாவலிலிருந்து வாழ்க்கைப் பாடம் எடுப்பதை விமர்சகர்கள் பொதுவாக மதிப்பதில்லை. கலை வேறு, போதனை வேறு என்று ஒதுக்கிவிடுவார்கள். வாசகர்கள் அப்படிப் பிரித்துப் படிப்பதில்லை. அப்பாவின் காரியம் முடிந்து, உறவினர்கள் ஊர் திரும்பி, வீடு வெறிச்சோடிக் கிடக்கும்போது ஒருவர் மரணத்தைப் பற்றிய நாவலைக் கையில் எடுக்கிறார் என்றால், நடையழகை ரசிக்கவா எடுக்கிறார்? இனி எப்படி இருப்பது என்று கேட்கத்தான் எடுக்கிறார். அந்தக் கேள்வி முழுக்க நியாயமானது. என் மனக்குறை வேறு. கதாநாயகன் கற்றுக்கொண்டதை நாமும் கற்றுக்கொண்டதாக நினைத்துப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். அவன் கற்றுக்கொள்வதற்காகப் பக்கத்தில் யார் பாடுபட்டார்கள் என்று பார்ப்பதில்லை.

இந்த வகை வாசிப்புக்கு எல்லோரும் முதலில் நீட்டும் புத்தகம் டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’. 1886இல் வெளிவந்த குறுநாவல். இவான் ஒரு நீதிபதி. புது வீட்டில் திரைச்சீலை எப்படித் தொங்க வேண்டும் என்று காட்டுவதற்காக ஏணியில் ஏறி, வழுக்கி, விலாவில் அடிபடுகிறான். அங்கே தொடங்கிய வலி 45 வயதில் அவனைக் கொண்டுபோகிறது. இதிலிருந்து எல்லோரும் எடுக்கும் பாடம் ஒன்றுதான்: ஊர் மெச்ச வாழாதே, உண்மையாக வாழ். பாடம் சரிதான். ஆனால் இதைச் சொல்ல நாவல் தேவையில்லை, ஒரு காலண்டர் தாள் போதும்.

நாவலால் மட்டுமே முடிகிற வேலை வேறு பக்கங்களில் நடக்கிறது. இவானுக்கு ஒரு மருத்துவர் குடலில் கோளாறு என்கிறார், இன்னொருவர் சிறுநீரகம் என்கிறார். பிழைப்பேனா என்ற அவன் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களிடம் தான் காட்டிய அதே கண்ணியமான அலட்சியத்தை மருத்துவர் தன்னிடம் காட்டுகிறார் என்று அவனுக்கு உறைக்கிறது. வீட்டிலும் எல்லோரும் அவன் சாகவில்லை, வெறும் நோய்தான் என்று நடிக்கிறார்கள். நடிக்காத ஒரே ஆள் கெராசிம். கிராமத்து இளைஞன், வேலைக்காரன், மலச்சட்டியை எடுத்துப்போய்க் கொட்டுபவன். கால்களை உயரத் தூக்கிவைத்தால் வலி குறைவதாக இவானுக்குத் தோன்ற, அவன் கால்களைத் தன் தோளில் தாங்கியபடி கெராசிம் இரவில் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறான். நாமெல்லோரும் ஒருநாள் சாகப்போகிறவர்கள்தானே, இதற்குச் சிரமப்பட்டால் என்ன என்பது அவன் கணக்கு. நம் வீடுகளில் படுக்கையில் கிடந்த பெரியவர்களைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்துவிட்டு, கஞ்சி ஊட்டியவர்களுக்கு இந்தப் பக்கங்கள் உடனே புரியும். ‘உண்மையாக வாழ்’ என்று பாடத்தைச் சுருக்கும்போது முதலில் விழுந்துபோவது கெராசிமின் தோள்தான்.

இன்னொன்றையும் டால்ஸ்டாய் துணிந்து செய்திருக்கிறார். கதையே இழவு வீட்டில்தான் தொடங்குகிறது. துக்கம் விசாரிக்க வந்த நண்பன் பியோத்தர் இவானோவிச், ஸ்பிரிங் கெட்டுப்போன ஒரு மெத்தை இருக்கையில் உட்காருகிறான். எழுந்தால் அது துள்ளுகிறது, உட்கார்ந்தால் கிறீச்சிடுகிறது. அழுகைக்கு நடுவே இவானின் மனைவி, அரசிடமிருந்து இன்னும் கொஞ்சம் பணம் வாங்க வழி உண்டா என்று கேட்கிறாள். செத்தது இவான்தான், நானில்லை என்ற ஆறுதலோடு நண்பன் அங்கிருந்து நேரே சீட்டாடப் போகிறான். பிணத்தின் முன் நின்றும் ஒருவன் எதுவும் கற்றுக்கொள்ளாமல் வெளியேற முடியும் என்பதை டால்ஸ்டாய் முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிட்டார். தன் நாவலைப் படித்தவுடன் வாசகர் திருந்திவிடுவார் என்று அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மரணத்தை விட்டு மறுவாய்ப்பைப் பற்றிய நாவல்களுக்கு வரும்போது சிக்கல் கூடுகிறது. 1899இல் வந்த ‘புத்துயிர்ப்பு’ நாவலின் கரு, அனதோலி கோனி என்ற சட்ட அறிஞர் டால்ஸ்டாயிடம் சொன்ன உண்மைச் சம்பவம். தன்னால் கெட்டுச் சீரழிந்த பெண் குற்றவாளிக் கூண்டில் நிற்பதை ஒருவன் பார்க்கிறான், அவளையே மணந்துகொள்ள முன்வருகிறான். நிஜத்தில் அந்தப் பெண் கல்யாணத்துக்கு முன்பே சிறையில் காய்ச்சலில் இறந்துபோனாள். டால்ஸ்டாயின் முதல் வரைவில் இருவருக்கும் திருமணம் நடக்கிறது. அச்சான நாவலில் நடக்கவில்லை. நாவலில் அந்தப் பெண்ணான மாஸ்லவா மறுத்துவிடுகிறாள். இந்த உலகில் என்னை அனுபவித்தாய், மறு உலகிலும் என்னை வைத்தே கரையேறப் பார்க்கிறாயா என்ற பொருளில், தன்னைக் கெடுத்த நெஹ்லூதவின் முகத்துக்கு நேரே சிறையில் கேட்கிறாள். நாவலின் மிகப் பெரிய தருணம் என்று இதைத்தான் சொல்வேன். நெஹ்லூதவ் தேடியது அவனுக்கான மறுவாய்ப்பு. அதற்குத் தேவையான பொருளாக இருக்க மாஸ்லவா ஒப்பவில்லை. திருமணத்தில் முடிந்திருந்தால் ‘பிராயச்சித்தம் செய்தால் மன்னிப்பு கிடைக்கும்’ என்ற பாடம் கையில் வந்திருக்கும். அதை விட்டுக்கொடுத்ததால்தான் மாஸ்லவாவுக்கு உயிர் வந்தது.

கடைசி அத்தியாயத்தில் அதே டால்ஸ்டாய்க்குப் பொறுமை போய்விடுகிறது. நெஹ்லூதவ் பைபிளைத் திறந்து விடைகளைக் கண்டடைகிறான். செகாவுக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை, கடிதத்தில் எழுதியே இருக்கிறார். நானும் அவர் பக்கம்தான். நானூறு ஐந்நூறு பக்கங்கள் மனிதர்களை நம்பியவர், முடிக்கும்போது பாடத்தை நம்பிவிட்டார்.

சமீபத்தில் பரவலாக வாசிக்கப்படும் மறுவாய்ப்பு நாவல்களில் இந்தக் கோளாறு தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. மாட் ஹெய்கின் ‘தி மிட்நைட் லைப்ரரி’ (2020) நல்ல உதாரணம். சாவுக்கும் வாழ்வுக்கும் இடையிலிருக்கும் நூலகத்தில் நோரா, தான் வாழாமல் விட்ட வாழ்க்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறாள். மனம் உடைந்தவருக்கு அது தரும் ஆறுதலை நான் குறைத்துப் பேச மாட்டேன், ஆறுதலும் இலக்கியத்தின் வேலைதான். ஆனால் அந்த வாழ்க்கைகளில் வரும் கணவனும் குழந்தையும் நோராவுக்குப் புத்தி புகட்டியவுடன் மறைந்துபோகிறார்கள். மாஸ்லவாவைப் போல எதிர்த்து நின்று ‘முடியாது’ என்று சொல்ல அங்கே ஆளில்லை.

தமிழில், ஒருவரின் மறுவாய்ப்புக்கு யார் விலை கொடுப்பது என்ற இந்தக் கேள்வியை ஜெயகாந்தன் அளவுக்கு நேராக எதிர்கொண்டவர் எனக்குத் தெரிந்து இல்லை. 1966இல் விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழைநாளில் காரில் ஏறிக் கெட்டுவந்த மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். பெரும் சர்ச்சை எழுந்தது. அந்தத் தாய் ஊரறியக் கதறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து அவர் எழுதியதுதான் 1972இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. நாவலில் அந்த மகளான கங்காவை அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். படிக்கவைத்த மாமா அதற்கு வேறு விலை எதிர்பார்க்கிறார். தன் பாடத்தைத் தானே எடுத்து, அது இல்லாத வீட்டில் ஒரு பெண் என்ன ஆவாள் என்று ஜெயகாந்தன் சோதித்துப் பார்த்தார்.

கலையாக நாவல்தான் பெரியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. கங்காவின் பேச்சும் பிடிவாதமும் எந்தப் பாடத்துக்குள்ளும் அடங்குபவை அல்ல. ஆனாலும் சிறுகதையின் தாயை என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. ‘அக்கினிப் பிரவேச’த்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மகளின் தூய்மையைப் பற்றியே வாதிட்டிருக்கிறோம். ஒண்டுக்குடித்தனத்தில் அக்கம்பக்கத்தார் என்ன சத்தம் என்று கேட்டபோது, மழையில் நனைந்து வந்ததற்காகத் திட்டினேன் என்று சமாளித்தவள் அந்தத் தாய். மகளின் மறுவாய்ப்புக்கான விலையை மகளிடம் வசூலிக்காமல், ஆயுள் முழுக்கக் காக்க வேண்டிய ரகசியமாகத் தன் தலையில் ஏற்றிக்கொண்டாள். அந்தக் கதையிலிருந்து பாடம் எடுப்பதானால் அவளிடமிருந்துதான் எடுக்க வேண்டும்.