அரசு நாணுமா? – ஆர்வெல்லின் ‘1984’: ஒரு திறனாய்வு

அரசனுக்கு அறிவுரை கூறும் நூல்கள் தமிழில் பல உள. அவற்றுள் தலையாயது திருக்குறளின் பொருட்பால். யாரை நம்புவது, யாரை நம்பலாகாது என்பதற்கென்றே அதில் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரம் அமைந்துள்ளது. ஆராயாமல் ஒருவனை நம்புவதும் தீது; ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் தீது என்பது அங்கே வள்ளுவர் காட்டும் முடிவு. தன்கீழ் வினை செய்வோரை அரசன் எவ்வாறு தேர வேண்டும் என்பதே அங்குப் பேசப்படும் பொருள்.

ஆட்சி செய்வோரை மக்களே வாக்களித்து அமர்த்தும் காலம் வந்தபின், அந்த அறிவுரை யாருக்கு உரியதாகிறது? வினையில் அமர்த்துபவர் எவரோ அவருக்கே உரியதாகிறது. அரசாங்கத்தின் செயலைத் தேர்ந்து தெளிவது இன்று குடிமக்களின் கடமை. அவ்வாறாயின், அரசை ஐயுறுதல் கலகக்காரரின் குணம் என்று தள்ளிவிட முடியாது. எதுவரை ஐயுறுவது, எதைக் கொண்டு ஐயுறுவது என்பதே ஆராயத் தக்க வினா. அந்த வினாவை அதன் கடைசி எல்லை வரை நடத்திச் சென்ற நாவல், ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1949ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இலண்டனில் வெளிவந்த ‘1984’.

ஆசிரியரும் அவர் கண்ட அதிகாரமும்

ஆர்வெல் என்பது புனைபெயர். எரிக் ஆர்தர் பிளேர் என்னும் இயற்பெயருடைய அவர், 1903ஆம் ஆண்டு பீகாரிலுள்ள மோத்திஹாரியில் பிறந்தார். தந்தையார் பிரிட்டிஷ் இந்திய அரசின் அபினித் துறையில் அலுவலர். மகன் 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாகப் பணியாற்றினார். ஆகவே, அதிகாரத்தை வெளியில் நின்று பழித்தவர் அல்லர் அவர். அதன் சீருடையை அணிந்து, அதன் தடியைக் கையில் பிடித்து, பின் அதை வெறுத்து விலகியவர்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1943 வரை, பி.பி.சி.யின் கீழ்த்திசை ஒலிபரப்பில் அவர் வேலை பார்த்தார். இந்தியாவுக்கென அவர் எழுதிய வாராந்தரச் செய்தி விளக்கங்களில் சில, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டு ஒலிபரப்பாயின. ஜப்பானியர் பிடியில் இருந்த மலாயாவுக்கென்றும் ஆங்கிலத்தில் அவர் எழுதினார். தணிக்கையாளரின் கண்ணுக்குத் தப்பிய சொல் ஒன்றும் அங்கே ஒலிபரப்பாகாது. நாவலில் வரும் ‘உண்மை அமைச்சக’த்தைப் படிப்போர் இந்தப் பின்னணியை மறத்தலாகாது. நூல் வெளிவந்து ஏழே திங்களில், 1950ஆம் ஆண்டு ஜனவரியில், காச நோய்க்கு இரையாகித் தம் 46ஆம் வயதில் அவர் மறைந்தார்.

கதைத்தலைவன் வின்ஸ்டன் ஸ்மித் அந்த அமைச்சகத்தில் பழைய செய்தித்தாள்களைத் திருத்தும் எழுத்தன். அரசு நேற்று சொன்னது இன்று பொய்த்துப் போனால், நேற்றைய தாளையே மாற்றி அச்சிடச் செய்வது அவன் வேலை. அவன் ஐயுறுகிறான்; நாட்குறிப்பு எழுதுகிறான்; ஜூலியா என்னும் பெண்ணைக் காதலிக்கிறான்; பிடிபடுகிறான்; வதைபட்டு மனம் முறிகிறான். கதை இவ்வளவே. இக்கதையினூடே அரசின் மூன்று கைகளை ஆர்வெல் காட்டுகிறார். ஒன்று தொழில்நுட்பம், மற்றொன்று விஞ்ஞானம், மூன்றாவது சட்டம்.

கண் உண்டு; சான்று இல்லை

தொழில்நுட்பத்தின் உருவம் தொலைத்திரை. அது படம் காட்டும். வீட்டில் நடப்பதைப் பார்க்கவும் செய்யும். எப்பொழுது பார்க்கிறது, எப்பொழுது பார்க்கவில்லை என்பது எவருக்கும் தெரியாது. கருவியின் வலிமை அதன் கண்ணில் இல்லை. இந்தத் தெரியாமையில் இருக்கிறது. ஓயாமல் பார்க்கப்படுவதாக எண்ணி மனிதன் தானே தன் முகத்தைக் காவல் காக்கத் தொடங்குகிறான்.

இங்கு ஆர்வெல் வைத்துள்ள நுட்பமான குறிப்பு ஒன்று உண்டு. மேல்நிலைக் கட்சியினனான ஓபிரையன் தன் வீட்டுத் தொலைத்திரையை அணைக்கிறான். அது அவனைப் போன்றோருக்குரிய சலுகை. ஏழைத் தொழிலாளரில் பெரும்பாலோர் வீட்டிலோ திரையே இல்லை. இடைநிலையில் இருந்து எழுத்தும் கணக்கும் அறிந்து அரசுக்கு வேலை செய்பவன்மீதே அந்தக் கண் நிலைத்து நிற்கிறது. பார்ப்பவன் பார்க்கப்படுவதில்லை என்பதே அந்நாட்டின் எழுதாத விதி.

அரசன் ஒற்றர் மூலம் நாட்டை அறிவதைத் தமிழ் நூல்கள் வெறுக்கவில்லை. திருக்குறளில் ‘ஒற்றாடல்’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. ஆனால், அங்கே இரண்டு கட்டுப்பாடுகள் உள்ளன. முதலாவது, ஒற்றின் கண் அரசனின் சொந்த அதிகாரிகள்மீதும் சுற்றத்தார்மீதும் பட வேண்டும். இரண்டாவது, ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்லும் ஒத்தால்தான் அதை நம்ப வேண்டும். ஒற்றனையும் ஐயுறு என்பதே அங்குள்ள நெறி. ஆர்வெல் படைத்த நாட்டில் இவ்விரண்டும் இல்லை. வின்ஸ்டனின் அண்டை வீட்டுக்காரனான பார்சன்ஸை அவனுடைய ஏழு வயது மகளே காட்டிக் கொடுக்கிறாள். உறக்கத்தில் அவன் முணுமுணுத்ததாக அக்குழந்தை சொன்ன ஒரு சொல்லே போதுமானதாகிறது. சரிபார்ப்பவர் எவரும் இல்லை.

இரண்டும் இரண்டும் எத்தனை?

இரண்டாவது கை விஞ்ஞானம். இரண்டும் இரண்டும் நான்கு என்று சொல்லும் உரிமையே எல்லா உரிமைக்கும் வேர் என்று வின்ஸ்டன் தன் குறிப்பேட்டில் கருதுகிறான். ஓபிரையனோ, கட்சி ஐந்து என்றால் ஐந்துதான் என்று வதைக்கூடத்தில் கற்பிக்கிறான். விண்மீன்களின் தொலைவையும் கட்சி விரும்பியபடி மாற்றிக் கொள்ளலாம் என்கிறான். கப்பல் செலுத்தவும் குண்டு செய்யவும் மட்டும் பழைய கணக்கு தேவைப்படும். அரசுக்குப் பயன்படும் அளவுக்கு உண்மை, அதற்குமேல் பொய். விஞ்ஞானத்தை அந்த அரசு அழித்துவிடவில்லை, வேலைக்காரனாக்கி வைத்துக்கொண்டது.

இது புனைவின் மிகை என்று கருதுவோர் சோவியத் நாட்டின் நிக்கோலாய் வவிலோவின் வரலாற்றைக் காண்க. உலகின் பல நாடுகளுக்கும் சென்று பயிர்களின் விதைகளைத் திரட்டி, லெனின்கிராடில் மாபெரும் விதைக் களஞ்சியத்தை அமைத்தவர் அவர். மெண்டலின் மரபியலை ஏற்காத லைசென்கோ, ஸ்டாலினின் ஆதரவைப் பெற்று உயர்ந்தார். அவரை எதிர்த்த வவிலோவ் 1940ஆம் ஆண்டு கைதானார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின் அது 20 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. 1943ஆம் ஆண்டு ஜனவரியில் சராத்தோவ் சிறையில், பட்டினியால் நலிந்து அவர் இறந்தார். மனிதரின் பசி தீர விதை தேடியவரின் முடிவு அது. 1948ஆம் ஆண்டு வேளாண் கழகத்தின் கூட்டத்தில் லைசென்கோவின் கொள்கையே அரசின் கொள்கை என்று உறுதியாயிற்று. ஆர்வெல் தம் நாவலை எழுதி முடித்ததும் அதே ஆண்டில்தான். இரண்டும் இரண்டும் ஐந்து என்பது கோதுமை வயலில் நடந்தேறிய கணக்கு.

சட்டம் இல்லாத நாடு

மூன்றாவது கையைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. நூலில் ஆழமானது அதுவே. நாட்குறிப்பு எழுதத் தொடங்கும் வின்ஸ்டன், தான் செய்வது சட்டத்துக்கு மாறானதன்று என்பதை உணர்கிறான். ஏனெனில், அந்நாட்டில் சட்டமே இல்லை. ஆனால், பிடிபட்டால் மரணமோ, குறைந்தது 25 ஆண்டுக் கடுங்காவலோ நிச்சயம். கொடிய சட்டம் உள்ள நாட்டைக் காட்டிலும் சட்டமே இல்லாத நாடு கொடியது என்பதை இந்த ஓர் இடத்தில் ஆர்வெல் நிலைநாட்டி விடுகிறார். கொடிய சட்டம் எதைச் செய்யலாகாது என்றாவது சொல்லும். அதைக் காட்டி வாதாட இடம் உண்டு. அரசே அதை மீறினால், மீறினாய் என்று சுட்டவும் வழி உண்டு.

சிலப்பதிகாரத்தை நினைவுகூர வேண்டிய இடம் இது. பாண்டியன் ஆராயாது தீர்ப்பளித்தான். பொற்கொல்லன் சொல் ஒன்றையே நம்பினான். கோவலன் வெட்டுண்டான். கண்ணகி அவைக்கு வந்து சிலம்பை உடைத்தாள். உள்ளே முத்து இல்லை, மாணிக்கம் இருந்தது. அக்கணமே அரசன் தன் குற்றத்தை உணர்ந்து உயிர் துறந்தான். அவன் செய்தது பெருங்கொடுமை. ஆயினும், தனக்கு மேலாக ஒரு முறை உண்டு என்பதை அவன் அறிந்திருந்தான். சான்று முன்னே வைக்கப்பட்டபோது, அதைச் சான்றென ஏற்கும் கண் அவனுக்கு இருந்தது. நாணம் என்பது இதுவே.

வின்ஸ்டன் கையிலும் ஒரு சிலம்பு கிடைத்தது. கட்சி கூறிய குற்றச்சாட்டு பொய் என்று காட்டும் பழைய செய்தித்தாள் துண்டு அது. வதைக்கூடத்தில் ஓபிரையன் அதன் படியொன்றை எடுத்து அவன் கண்முன் காட்டுகிறான், தீயில் எறிகிறான், அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்கிறான். பாண்டியன் அவையில் சிலம்பு உடைந்தது, அரசனும் உடைந்தான். ஆர்வெல்லின் அரசில் சிலம்பு சாம்பலாகிறது. அரசு அப்படியே நிற்கிறது. நாணமற்ற அதிகாரத்துக்கு இதைவிடத் தெளிவான உருவத்தை இந்த நூற்றாண்டு நாவல்களிலும் சென்ற நூற்றாண்டு நாவல்களிலும் காண்பது அரிது.

நூலின் குறைகள்

சிறப்புகளைச் சொல்லிக் குறைகளை மறைப்பது திறனாய்வு ஆகாது. முதற்குறை, ஆர்வெல்லின் அரசு தவறே செய்வதில்லை. மெய்யான அரசுகள் தவறு செய்கின்றன; உறங்குகின்றன; கோப்புகளைத் தொலைக்கின்றன; துறைக்குத் துறை பொறாமை கொள்கின்றன. அரசின் பிழைகளுக்கும் சோர்வுக்கும் இடையில்தான் பல வேளைகளில் மக்களின் உரிமை பிழைத்துக் கிடக்கிறது. பேரதிகாரத்தை எல்லாம் வல்ல தெய்வமாகக் காட்டுவது, அதை எதிர்ப்பது வீண் என்னும் சோர்வையும் படிப்போருக்குத் தரக் கூடும்.

இக்குறையை ஓரளவு ஈடு செய்வது நூலின் பிற்சேர்க்கை. அரசு உண்டாக்கிய புதுமொழியைப் பற்றிய அக்கட்டுரை முழுவதும் இறந்த காலத்தில் எழுதப்பட்டுள்ளது. அந்த ஆட்சி என்றோ முடிந்துவிட்டது என்பதற்கு அது குறிப்பு என்று திறனாய்வாளர் சிலர் கொள்வர். அமெரிக்க நூற்கழகம் ஒன்று அப்பகுதியை நீக்கிவிட்டு வெளியிட விரும்பியபோது ஆர்வெல் இணங்கவில்லை. பணத்தைவிட அந்தப் பக்கங்கள் அவருக்குப் பெரிதாக இருந்தன.

இரண்டாவதாகக் குறை என்று தோன்றுவது, உண்மையில் நூலின் பெரிய படிப்பினை. புரட்சிக்காரன் என்று நடிக்கும் ஓபிரையன், அரசை வீழ்த்த என்னென்ன செய்வாய் என்று வின்ஸ்டனைக் கேட்கிறான். கொலை செய்வாயா? செய்வேன். ஒரு குழந்தையின் முகத்தில் அமிலம் ஊற்றுவாயா? ஊற்றுவேன் என்கிறான் வின்ஸ்டன். பின்னர் வதைக்கூடத்தில், கட்சியைவிட நான் மேலானவன் என்று அவன் சொல்லும்போது, ஒலிப்பதிவைப் போட்டு அவன் குரலையே அவனுக்குக் கேட்கச் செய்கிறான் ஓபிரையன். வின்ஸ்டன் முதலில் தோற்பது எலிக் கூண்டின் முன்னால் அன்று, இந்த இடத்திலேதான். அறத்தில் ஊன்றாத ஐயம், தான் எதிர்க்கும் கொடுமையின் நிழலாகிவிடும்.

ஐயம் சட்டமாகும் வழி

ஐயம் எப்படிப் பயன்பட வேண்டும் என்பதற்கு நாவலில் விடை இல்லை. அண்மை வரலாற்றில் உண்டு. 2013ஆம் ஆண்டு ஜூனில், அமெரிக்க அரசு கோடிக்கணக்கான தொலைபேசி அழைப்புகளின் விவரங்களைத் திரட்டி வருவதை எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்தினார். சட்டம் அதற்கு இடமளிக்கவில்லை என்று 2015ஆம் ஆண்டு மே திங்களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. மறுதிங்களே அந்நாட்டு நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றி, அரசு மொத்தமாகத் திரட்டுவதை நிறுத்தியது.

சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில், தொடர்புகளைக் கண்டறிய ‘டிரேஸ்டுகெதர்’ என்னும் செயலி வந்தது. விவரங்கள் நோய்த்தடுப்புக்கு மட்டுமே என்று சொல்லப்பட்டிருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ்க் காவல்துறையும் அவற்றைப் பெறலாம் என்பது 2021ஆம் ஆண்டு ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிய வந்தது. மக்கள் வினவினர், அமைச்சர் தம் பிழையை ஒப்புக்கொண்டார், பிப்ரவரியில், கடுங்குற்றங்கள் ஏழு வகைக்கு மட்டும் அவ்வுரிமையை வரையறுத்துச் சட்டம் நிறைவேறியது. கருவி தொழில்நுட்பத்தைச் சேர்ந்தது. நோக்கம் விஞ்ஞானத்தைச் சேர்ந்தது. பிணக்கு தீர்ந்ததோ சட்டத்தில். ஏழு வகை என்பது மிகுதியா, குறைவா என்பது வேறு வழக்கு. வினவ ஒரு மன்றமும், பிழையைப் பிழையென ஏற்க ஒரு வாயும், மீறினால் சுட்டிக் காட்ட ஓர் எழுத்தும் இருந்தன என்பதே ஈண்டுக் கருதத் தக்கது. அவ்வெழுத்து இல்லாதிருந்தால், அடுத்த முறை வாக்குறுதி மட்டுமே மிஞ்சும்.

வின்ஸ்டனின் நாட்டில் இல்லாதவை இம்மூன்றுமே. அரசு தானாக நாணுவதில்லை. கண்ணகி வாயிலில் வந்து நின்றதால்தான் பாண்டியன் நாணினான். வாயிற்காவலன் அவளைத் தடுத்து நிறுத்தியிருந்தால், மதுரையில் அந்தத் தீர்ப்பு நீதி என்றே எழுதப்பட்டிருக்கும்.