கட்டுறு பயிற்சியும் செயல்நிலை ஆய்வும்: ஆசிரிய மாணவர் எதிர்கொள்ளும் தடைகள்

இலங்கையின் தேசிய கல்வியியற் கல்லூரிகளின் மூன்றாண்டுக் கற்கைநெறியில், முதல் இரு ஆண்டுகள் கல்லூரியிலும் மூன்றாம் ஆண்டு பாடசாலையொன்றில் கட்டுறு பயிற்சியாகவும் அமைகின்றன. அப்பயிற்சிக் காலத்தில் ஆசிரிய மாணவர்கள் செயல்நிலை ஆய்வொன்றையும் மேற்கொள்கின்றனர். குர்ட் லெவின் 1946இல் வெளியிட்ட கட்டுரையால் பரவலாக அறியப்பட்ட இம்முறை, இன்று திட்டமிடல், செயற்படல், அவதானித்தல், மீள நோக்கல் என்ற சுழற்சியாகக் கற்பிக்கப்படுகின்றது. ஆனால் அச்சுழற்சி பாடசாலையில் முழுமையாகச் சுழல்வது அரிது.

வெளிப்படையான தடைகள்

நேரமின்மை முதலாவது தடை. மூன்று தவணைகளுள் பரீட்சைகள், விளையாட்டுப் போட்டி, விழாக்கள் போக எஞ்சும் நாட்களில் பாடத்திட்டத்தையும் முடிக்க வேண்டும். தெரிவுசெய்த மாணவர் ஒழுங்காக வராவிடின் தரவுகள் இடையில் அறுந்துபோகும். மூல நூல்கள் பல ஆங்கிலத்தில் இருப்பதும், தமிழில் செயல்நிலை ஆய்வு, செயலாய்வு, செயல் ஆராய்ச்சி எனக் கலைச்சொற்கள் வேறுபடுவதும் தொடக்கநிலை ஆய்வாளரைக் குழப்புகின்றன.

இவை ஆய்வறிக்கைகளின் 'மட்டுப்பாடுகள்' பகுதியில் வழமையாக இடம்பெறுபவை. அங்கு எழுதப்படாத தடைகளே பாரதூரமானவை.

எழுதப்படாத தடை

ஆசிரிய மாணவர் பாடசாலையின் விருந்தாளி. அதே வேளை மதிப்பிடப்படுபவர். வகுப்பில் ஒரு பிரச்சினை உள்ளது என அவர் எழுதினால், அவ்வகுப்பை இதுவரை கற்பித்தவரைக் குறைகூறியதாகக் கொள்ளப்படலாம். தம்மைப் பற்றி அறிக்கையிடும் அதிபரின் பாடசாலையில் எவர் அதற்குத் துணிவார்? எனவே ஆய்வுத் தலைப்பு பாதுகாப்பான பக்கம் சாய்கிறது. கற்பித்தலில் குறை இருப்பினும் "மாணவர் இடர்ப்படுகின்றனர்" என்றே பிரச்சினை வரையறுக்கப்படுகிறது. தன் கற்பித்தலைத் தானே வினவுவதற்காக உருவான முறை, பிள்ளையின் குறையைப் பட்டியலிடும் முறையாகிவிடுகிறது.

எண்கள் மறைப்பவை

தரம் 4இல் இனமாற்றத்துடன் கூடிய கழித்தலில் இடர்ப்படும் ஆறு மாணவரை ஒருவர் தெரிவுசெய்கிறார் எனக் கொள்வோம். முற்சோதனையில் இருவரும் பிற்சோதனையில் நால்வரும் சரியாகச் செய்தால், அறிக்கை "33 சதவீதத்திலிருந்து 67 சதவீதமாக முன்னேற்றம்" என்னும். உண்மையில் மாறியது இரு பிள்ளைகள். இங்கு ஒரு பிள்ளையே ஏறத்தாழ 17 சதவீதம். எஞ்சிய இருவருக்கு ஏன் பயன் கிட்டவில்லை என்பதே அடுத்த சுழற்சிக்கான வினா. ஆயினும் அறிக்கை ஒப்படைக்கும் நாள் வந்துவிடுவதால் அவ்வினா கேட்கப்படுவதில்லை. தோல்வியுற்ற தலையீடு புள்ளியைக் குறைக்கும் என்ற அச்சம், 'வெற்றி பெறாத' ஆய்வையே இல்லாமற் செய்கிறது.

ஒழுக்கநெறியும் இவ்விடத்தில் தளர்கிறது. பிள்ளையின் பெயர், குடும்ப வறுமை, பெற்றோர் பிரிவு ஆகியன பெற்றோரின் சம்மதமின்றி அறிக்கையில் ஏறுமாயின், ஆய்வு எவருக்காக என்ற கேள்வி எழுகிறது.

செய்யத்தக்கவை

முடிவின் வெற்றியை விட மீள நோக்கலின் நேர்மைக்குக் கூடிய புள்ளி வழங்கப்பட வேண்டும். வகுப்பாசிரியரை இணை ஆய்வாளராக்கினால் குறைகூறல் கூட்டுத் தேடலாக மாறும். பெயர்களுக்குப் பதிலாகக் குறியீடுகளைப் பயன்படுத்துவதற்குச் செலவேதுமில்லை. இம்மாற்றங்கள் நிகழாதவரை, செயல்நிலை ஆய்வில் 'செயல்' பாடசாலையிலும் 'ஆய்வு' கல்லூரி அலுமாரியிலுமாகப் பிரிந்தே கிடக்கும்.