ஜவ்வரிசிக் கூழும் என் சுருட்டை முடியும்

ஜவ்வரிசியைப் பாயசத்துக்கும் வடகத்துக்கும் மட்டுமே வாங்குகிறீர்களா? தலைக்குப் போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள்! 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் சேலம் ஜவ்வரிசியைத்தான் சொல்கிறேன். ஏற்காடு அடிவாரம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீடு. சித்திரை வெயிலில் ஸ்கூட்டியில் டவுனுக்குப் போய் வந்தாலும் என் சுருள்கள் கலைவதில்லை. அந்தப் பெருமை முழுக்க ஜவ்வரிசி தரும் குச்சிக்கிழங்குக்கே!

நைலான் ஜவ்வரிசி வேண்டாம், அது மணிமணியாகவே நிற்கும். மாவு ஜவ்வரிசிதான் கரையும். ஒரு கரண்டி ஊறவைத்து, தண்ணீரைத் தாராளமாக விட்டுக் கண்ணாடியாகும் வரை காய்ச்சி, வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். ஆறியதும் இரண்டு சொட்டு கிளிசரின். ஈர முடியில் தடவி, நுனியிலிருந்து மேலே கசக்கிவிட்டு, காயும்வரை கை வைக்காதீர்கள். காய்ந்ததும் மொடமொடவென்று விறைத்து நிற்கும். பயப்பட வேண்டாம், உள்ளங்கையால் மெல்லக் கசக்குங்கள். விறைப்பு உடைந்து, சுருள் மட்டும் பஞ்சுபோல் அப்படியே நிற்கும். அந்த நொடி இருக்கிறதே, அடடா!

முடி நனையும்போது அதன் புரதத்திலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்கின்றன. காயும்போது, எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே திரும்ப இணைகின்றன. அந்த நேரம் பார்த்து மேலே மெல்லிய ஏடு ஒன்று படிந்தால் வடிவம் நிலைத்துவிடும். ஜவ்வரிசியின் மாவுச்சத்திலுள்ள அமைலோஸ் நீளமான சங்கிலி. தண்ணீர் ஆவியாக ஆவியாக அந்தச் சங்கிலிகள் நெருங்கி ஒட்டிப் படலமாகின்றன. நம் நெசவாளர்கள் பாவுக்குக் கஞ்சி போடுவதும் இதற்குத்தானே? நூல் பிசிறடிக்காது, அறுபடாது. வடிகஞ்சியில் அரப்பு கரைத்துத் தலைக்குக் குளித்த ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதிதா என்ன!

கடை ஜெல்லும் எனக்குப் பிடிக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பதே ஒரு சுகம். பிவிபி என்றிருந்தால் பாலிவினைல்பைரோலிடோன். 1930களில் ஜெர்மனியில் வால்டர் ரெப்பே உருவாக்கியது. இரண்டாம் உலகப் போரில் ரத்தப் பிளாஸ்மாவுக்கு மாற்றாக உடம்பில் ஏற்றினார்கள், 1950களில் ஹேர் ஸ்ப்ரேக்குள் வந்துவிட்டது. என்ன ஒரு பயணம்! ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும் குணம் அதற்கு உண்டு. அதைக் குறைக்க வினைல் அசிடேட்டோடு சேர்த்துக் கூட்டுப் பாலிமர் செய்தார்கள். ஐப்பசி மழையில் ஏற்காடு ஏறும் நாளில் நான் எடுப்பது அதைத்தான். ஷாம்புவில் பாலிகுவாட்டர்னியம்-10 என்று பார்த்தால் மகிழுங்கள். நேர்மின்னூட்டம் ஏற்றிய செல்லுலோஸ் அது. முடிக்கு எதிர்மின்னூட்டம் என்பதால், அலசிய பிறகும் கொஞ்சம் பற்றிக்கொண்டே இருக்கும்.

வறண்ட நாட்களில் எனக்கு ஜவ்வரிசிக் கூழ்தான் ராஜா. ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெளியே இருந்தால் சீக்கிரம் புளித்துவிடும். கிளிசரினை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஏடு நொறுங்கி, பொடுகு மாதிரி தோளெல்லாம் வெள்ளையாக உதிரும்.