சாதுவன் போன தீவு

தனியா அந்தமான் போயிட்டு வந்த தோழியிடம் பெருங்களத்தூர் ஸ்டேஷனில் ஒரு அம்மா கேட்டார்: "வீட்டுக்காரர் எப்படிம்மா விட்டாரு?" அன்று ராத்திரி மணிமேகலையின் 16ஆம் காதையை மறுபடி எடுத்தேன்.

'ஆதிரை பிச்சையிட்ட காதை' என்று பேர்தான். பெரும்பகுதி அவள் புருஷன் சாதுவனின் கதை. கணிகையிடம் பொருளெல்லாம் தோற்றவன், சம்பாதிக்கக் கப்பலேறுகிறான். கப்பல் உடைகிறது, ஒடிந்த மரத்தைப் பிடித்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். கள், ஊன், இளம்பெண் எல்லாம் தரச் சொல்கிறான் நாகர் தலைவன். இவன் வேண்டாமென்கிறான். அடுத்து வரும் வாதம் பிரமாதம். உடம்பை விட்ட உயிர் எங்கே போகும் என்று தலைவன் சிரிக்கிறான். கடைசியில் ஒரு சமரசம்: கப்பல் உடைந்து வருபவர்களைக் கொல்லாதீர்கள், மூத்துச் சாகும் விலங்கை வேண்டுமானால் தின்னுங்கள். சாத்தனார் இங்கே ரசித்து எழுதியிருக்கிறார்.

ஊரில் ஆதிரை, அவன் செத்தான் என்று கேட்டுத் தீயில் இறங்குகிறாள். தீ சுடவில்லை. அதற்கும் அழுகிறாள். அவன் திரும்பியதும் இருவரும் தானம் செய்தார்கள், அவ்வளவுதான். தீவில் பெண்ணை மறுத்தது அவனுக்குப் பெருமை; கணிகை வீட்டுக் கணக்கை யாரும் கேட்கவில்லை, ஆதிரை உட்பட.

இதே நூலில் மணிமேகலையும் தீவுக்குப் போகிறாள். முதலில் தூக்கத்தில் தெய்வம் தூக்கிப் போகிறது. பிறகு மந்திரத்தால் தானே பறக்கிறாள். உதயகுமரன் தேடுகிறான், ஆனால் அவன் புருஷன் இல்லை. மனைவியாக இல்லாதவளைத்தான் சாத்தனார் மணிபல்லவத்துக்கு அனுப்புகிறார். அவள் கொண்டுவந்த பாத்திரத்தில் முதல் பிச்சை போடுபவள், வீட்டிலேயே இருந்த ஆதிரை.